கேட்காமல் எழுதும் ஃபர்ம்வேர்

ரிச்சி தெருவில் மதர்போர்டு வாங்க வருகிறவர்கள் என்னென்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். ரேம் ஸ்லாட் எத்தனை, வாரண்டி எத்தனை வருஷம், பழைய பிராசஸர் உட்காருமா. "இந்த போர்டு என் டிஸ்க்கில் தானாக எதையாவது எழுதுமா?" என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டிருந்தாலும் கடைக்காரர் "போர்டுக்கும் டேட்டாவுக்கும் என்ன சம்பந்தம்?" என்றுதான் சொல்வார்.

சம்பந்தம் இருக்கிறது. டிஸ்க்கில் எழுதும் உரிமை ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மட்டும்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்குக் கீழே இருக்கும் மதர்போர்டு ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்), பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் ரெய்டு கார்டு, யூஎஸ்பி பெட்டியின் சிப், டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் ஃபர்ம்வேர் எல்லாமே எழுத முடியும். சிலது எழுதவும் செய்கிறது. எழுதியதை யாரிடமும் சொல்வதும் இல்லை. சின்ன அலுவலகங்களுக்கும் எடிட்டிங் ஸ்டுடியோக்களுக்கும் சர்வர், ஸ்டோரேஜ் பார்த்துக்கொடுப்பது என் தொழில். டிஸ்க் கெட்டுப்போய் டேட்டா போவதை நிறையவே பார்த்திருக்கிறேன். அதற்காவது ஒரு சத்தம், ஒரு எரர் மெசேஜ் இருக்கும். நான்கு டிஸ்க்கும் நல்ல நிலையில் இருக்க, போர்டு மாற்றியதால் மட்டும் டேட்டா போன ஒரு கேஸைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

சாலிகிராமத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு ஸ்டுடியோ. கீழே டெய்லர் கடை, மாடியில் இரண்டு எடிட்டிங் அறை. ஃபுட்டேஜ் எல்லாம் ஒரு லினக்ஸ் பெட்டியில்: 4 டிபி டிஸ்க் நான்கு, ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா போகாத அடுக்கு), ஆக 12 டிபி இடம். ரெய்டு கார்டு கிடையாது. லினக்ஸ் கெர்னலே பார்த்துக்கொள்ளும் மென்பொருள் ரெய்டு. முன்பு அங்கே வேலை பார்த்த பையன் ஒருவன் அமைத்துக் கொடுத்தது. வருஷக்கணக்கில் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடியது. நடுவில் ஒரு டிஸ்க் போய், புதுசு மாட்டியபோதும் ஒழுங்காக ரீபில்டு ஆகியிருக்கிறது.

மழைக்காலத்தில் ஒரு நாள் கரண்ட் வந்து வந்து போனதில் மதர்போர்டு போய்விட்டது. தெரிந்த கடையில் புது போர்டு வாங்கி, டிஸ்க்குகளை அதே வரிசையில் மாட்டி ஆன் செய்திருக்கிறார்கள். லினக்ஸ் தனி எஸ்எஸ்டியில் இருந்ததால் அது ஏறிவிட்டது. ரெய்டு ஏறவில்லை. எடிட்டர் தம்பி போன் செய்தான்.

"அக்கா, நாலு டிஸ்க்கும் தெரியுது. ஆனா ஒண்ணுல மட்டும்தான் ரெய்டு இருக்குங்குது. மத்த மூணும் ஏதோ விண்டோஸ் பார்ட்டிஷன்னு காட்டுது."

"வேற ஏதாவது அமுக்கினீங்களா? ஃபார்மட், இனிஷியலைஸ், அந்த மாதிரி?"

"சத்தியமா இல்லக்கா. மாட்டினோம், ஆன் பண்ணோம். அவ்ளோதான்."

"சரி, ஆஃப் பண்ணிடு. நான் வர்ற வரைக்கும் யாரும் ஆன் பண்ண வேணாம்."

எங்கள் தொழிலில் "நாங்க ஒண்ணுமே பண்ணல" என்பதை யாரும் நம்புவதில்லை. ஆனால் அவன் "விண்டோஸ் பார்ட்டிஷன்" என்று சொன்னது எனக்கு உறுத்தியது. அந்தப் பெட்டியில் விண்டோஸ் இருந்ததே இல்லை. தெரியாமல் கை பட்டிருந்தால் டிஸ்க் காலியாகத் தெரியலாம். இல்லாத விண்டோஸ் எங்கிருந்து வரும்?

டிஸ்க்குகளை எங்கள் இடத்துக்கு எடுத்து வந்து, ரைட் பிளாக்கர் (டிஸ்க்கில் எதையும் எழுத விடாத கருவி) வழியாக ஒவ்வொன்றாக மாட்டினேன். முதலில் செக்டர் எண்ணிக்கை; டிஸ்க்கை 512 பைட் கொண்ட செக்டர்களாகத்தான் எண்ணுவோம். 4 டிபி டிஸ்க்குக்கு 7814037168 வர வேண்டும். நான்கிலும் சரியாக வந்தது. டிஸ்க் தன் உடல்நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களில் குறை ஏதும் இல்லை. அப்புறம் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் ஆரம்பத்து 20 கேபியைத் திறந்தேன்.

முதல் டிஸ்க்கில் 512-ஆவது பைட்டில் இருந்து இப்படி இருந்தது: 45 46 49 20 50 41 52 54. டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் ஜிபிடி பார்ட்டிஷன் டேபிளின் தலைப்பு எப்போதும் இந்த எட்டு பைட்டோடுதான் தொடங்கும். அதற்கடுத்த செக்டரில் இரண்டு பார்ட்டிஷன் பதிவுகள்: ஒன்று விண்டோஸ் தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் சின்னப் பார்ட்டிஷன், இன்னொன்று டிஸ்க் முழுவதையும் அடைக்கும் டேட்டா பார்ட்டிஷன். கீழே இறக்கிக்கொண்டே போனேன். 4096-ஆவது பைட்டில் லினக்ஸ் ரெய்டின் சூப்பர்பிளாக் இருக்க வேண்டும். எந்த ரெய்டு, எத்தனை டிஸ்க், இது எத்தனையாவது, டேட்டா எங்கே தொடங்குகிறது என்ற எல்லா விவரமும் அதில்தான் இருக்கும். அங்கே பூஜ்ஜியம். அடுத்த வரியும் பூஜ்ஜியம். 17408-ஆவது பைட் வரைக்கும் பூஜ்ஜியம்தான். மற்ற இரண்டு டிஸ்க்கிலும் இதே கதை. நான்காவதில் மட்டும் சூப்பர்பிளாக் அப்படியே இருந்தது, ஜிபிடியின் சுவடே இல்லை. ரீபில்டு செய்தபோது புதிதாக வாங்கி மாட்டிய டிஸ்க் அது.

அந்த 17408 என்ற எண்தான் நடந்ததைச் சொன்னது. ஜிபிடியில் தலைப்பு 1-ஆம் செக்டரில் இருக்கும். பார்ட்டிஷன் பதிவுகள் 2-இல் தொடங்கி 33-ஆம் செக்டர் வரை. மொத்தம் 128 பதிவுகள், ஒவ்வொன்றும் 128 பைட். கணக்குப் போட்டால் 1024-ஆவது பைட்டில் தொடங்கி 17407-இல் முடியும். 4096 இதற்கு நடுவே விழுகிறது. ஜிபிடியின் கண்ணுக்கு அது 25-ஆவது பார்ட்டிஷனுக்கான பதிவு. இரண்டே பார்ட்டிஷன் உள்ள டேபிளை யாராவது அங்கே எழுதினால் 25-ஆவது பதிவு காலி, அதாவது பூஜ்ஜியம். சூப்பர்பிளாக் இருந்த இடத்தில் யாரோ ஒரு முழு ஜிபிடி டேபிளை எழுதியிருக்கிறார்கள்.

யார் எழுதினார்கள், அந்தப் பழைய விண்டோஸ் டேபிள் அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? டிஸ்க்கின் கடைசியில் இருந்து. ஜிபிடி தன்னை இரண்டு இடத்தில் எழுதிக்கொள்ளும்: முன்பக்கம் ஒன்று, கடைசி 33 செக்டரில் ஒரு நகல். இந்த மூன்று டிஸ்க்கும் ரெய்டுக்கு வருவதற்கு முன்னால் ஏதோ விண்டோஸ் கணினியில் இருந்தவை. ரெய்டு அமைத்தபோது முழு டிஸ்க்கையும் பார்ட்டிஷன் போடாமல் அப்படியே கொடுத்திருக்கிறார்கள். லினக்ஸ் ரெய்டின் 1.2 வகை மெட்டாடேட்டா, அதாவது அந்த சூப்பர்பிளாக், முதல் 4 கேபியைத் தொடாது. அதனால் பழைய ஜிபிடி தலைப்பு முன்னால் தங்கிவிட்டது. டேட்டா 264192-ஆவது செக்டரில் தொடங்குகிறது. அங்கிருந்து 512 கேபி துண்டுகளாக நிரப்பிக்கொண்டே போனால், கடைசியில் முழுத் துண்டுக்குப் போதாமல் 688 செக்டர் மிஞ்சும். அதை ரெய்டு தொடவே தொடாது. பழைய விண்டோஸ் டேபிளின் நகல் அந்த 688 செக்டருக்குள்தான் இத்தனை வருஷமும் கிடந்திருக்கிறது.

பழைய போர்டில் இருந்தது பழங்காலத்து பயாஸ், அதாவது கணினியை எழுப்பும் ஃபர்ம்வேர். அதற்கு ஜிபிடி என்றால் என்னவென்றே தெரியாது. புது போர்டு யூஇஎஃப்ஐ, பயாஸுக்கு அடுத்து வந்த வகை. அது ஆன் ஆனதும் டிஸ்க்கைப் படித்திருக்கிறது. முன்னால் ஜிபிடி தலைப்பு இருக்கிறது. ஆனால் பதிவுகளுக்கு நடுவே ரெய்டு சூப்பர்பிளாக் உட்கார்ந்திருப்பதால் செக்சம் (டேட்டா மாறியிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகவில்லை. "முன்பக்க டேபிள் பழுது" என்று முடிவு செய்திருக்கிறது. கடைசியில் போய்ப் பார்த்தால் சுத்தமான நகல், செக்சம் சரி. உடனே அதை எடுத்து முன்னால் எழுதிவிட்டது. அதன் கணக்கில் பழுது பார்த்துவிட்டது. நம் கணக்கில் 12 டிபி கல்யாணங்கள் போய்விட்டன. லினக்ஸ் ஏறுவதற்கு முன்பே, லோகோ திரையில் தெரிந்த அந்தச் சில நொடிக்குள் இது முடிந்திருக்கிறது.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பழுதான ஜிபிடியை நகலில் இருந்து மீட்கலாம் என்று யூஇஎஃப்ஐ விதிமுறையே சொல்கிறது, மறுக்கவில்லை. பயனரைக் கேட்டுவிட்டுச் செய்யலாம், தானாகவும் செய்யலாம், அது தயாரிப்பாளரின் கொள்கை என்று விட்டிருக்கிறார்கள். ஆனால் அதே இடத்தில் இன்னொன்றும் இருக்கிறது: மீட்கும்போதெல்லாம் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். டிஸ்க்கை வேறு வகையில் மாற்றிய பிறகும் பழைய ஜிபிடி நகல் கடைசியில் தங்கியிருக்கலாம், அதை நம்பினால் டிஸ்க்கைத் தப்பாகப் படிக்க நேரும் என்ற எச்சரிக்கையும் அதே ஆவணத்தில் உண்டு. ஆக, இது யாரும் எதிர்பாராத விபத்து இல்லை. எழுதி வைத்திருக்கிறார்கள். "டிஸ்க் 2-இல் பார்ட்டிஷன் டேபிளை மாற்றப் போகிறேன், சரியா?" என்று திரையில் ஒரு வரி காட்ட எத்தனை பைட் ஆகும்? ஃபேன் வேகத்துக்கு வண்ண வண்ணமாக கிராஃப் போடத் தெரிகிற ஃபர்ம்வேருக்கு இது முடியாதா?

மீட்பு வேலைக்கு வருகிறேன். நல்ல செய்தி, டேட்டா எதுவும் தொடப்படவில்லை. அழிந்தது முதல் 17 கேபி. டேட்டா தொடங்குவது நூறு எம்பிக்கும் மேல் தள்ளி. ரெய்டு எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்ற விவரம் மட்டும்தான் தொலைந்திருக்கிறது. அதில் முக்கால்வாசியை நான்காவது டிஸ்க் சொல்லிவிட்டது: ரெய்டு 5, துண்டு 512 கேபி, டேட்டா தொடங்கும் இடம், தன் இடம் எத்தனையாவது. மற்ற மூன்றின் வரிசைதான் தெரிய வேண்டும். மூன்று டிஸ்க் என்றால் ஆறு விதமாக அடுக்கலாம். ஆறையும் போட்டுப் பார்க்கலாம்தான், ஆனால் ஸ்டுடியோவின் எஸ்எஸ்டியில் பழைய லாக் இருந்தது. ரெய்டு ஏறும்போது எந்தப் பெயருள்ள டிஸ்க் எத்தனையாவது இடம் என்று கெர்னல் எழுதும். அதே பூட்டில் எந்தப் பெயர் எந்த சீரியல் நம்பர் என்று ஸ்மார்ட் கண்காணிப்பு சர்வீஸ் எழுதும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் டிஸ்க்கின் ஸ்டிக்கரில் உள்ள சீரியலோடு வரிசை பொருந்திவிடுகிறது. லாக் இடத்தை அடைக்கிறது என்று அழிக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இனிமேல் செய்வதைத்தான் பலர் அவசரத்தில் கெடுத்துவிடுகிறார்கள். சூப்பர்பிளாக் தொலைந்த ரெய்டை மீட்க, அதே விவரங்களோடு ரெய்டைப் "புதிதாக உருவாக்க" வேண்டும். கேட்கவே பயமாக இருக்கும்; பயப்படத்தான் வேண்டும். டேட்டா ஏற்கனவே சரியாக இருக்கிறது, ஒத்திசைக்காதே என்று சொல்லாமல் விட்டால், வரிசை தப்பாக இருந்தாலும் அது பாட்டுக்கு பாரிட்டி (போன டிஸ்க்கைக் கணக்கிட்டு மீட்க உதவும் உபரி டேட்டா) எழுதத் தொடங்கிவிடும். டேட்டா தொடங்கும் இடத்தையும் நாமே சொல்ல வேண்டும். இந்தக் கருவியின் பதிப்புக்குப் பதிப்பு அது மாறியிருக்கிறது. அதனால் நேராக டிஸ்க்கின் மேல் இதைச் செய்யவே கூடாது. ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் ஒரு ஓவர்லே போட்டுக்கொண்டேன்: படிப்பது டிஸ்க்கில் இருந்து, எழுதுவதெல்லாம் வேறு ஒரு ஃபைலுக்கு. தப்பானால் அந்த ஃபைலை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம், டிஸ்க்கில் ஒரு பைட்டும் மாறியிருக்காது.

ஓவர்லே மேல் ரெய்டு ஏறியது. ஃபைல் சிஸ்டத்தை எழுதாமல் சோதிக்கும் முறையில் ஓட்டி, ரீட்-ஒன்லியாக மவுன்ட் செய்தேன். ஃபோல்டர் பெயர்கள் தெரிந்ததும் ஸ்டுடியோ அண்ணன் "வந்துடுச்சு மேடம்!" என்று எழுந்துவிட்டார். உட்காருங்கள் என்றேன். ஃபோல்டர் தெரிவதும் சின்ன ஃபோட்டோ திறப்பதும் ஆதாரம் ஆகாது. 512 கேபிக்குள் அடங்கும் ஃபைல் ஒரே டிஸ்க்கில் இருக்கலாம். வரிசை தப்பாக இருந்தாலும் அது திறக்கும். பெரிய ஃபைலை முழுசாக ஓட்டினால்தான் நான்கு டிஸ்க்கும் சரியான இடத்தில் இருக்கிறதா என்று தெரியும். கேமராவில் இருந்து வந்த பல ஜிபி கிளிப் ஒன்றைப் போட்டோம். மாலை மாற்றுவதில் தொடங்கி, கெட்டி மேளம், தாலி கட்டுவது, அட்சதை விழுவது வரைக்கும் ஒரு கட்டமும் உடையாமல், நாதஸ்வரம் ஒரு இடத்திலும் அறுபடாமல் ஓடியது. அண்ணன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தக் கல்யாணத்தின் ஆல்பம் இன்னும் டெலிவரி ஆகாத ஒன்று. சம்பளம் கொடுத்து எத்தனை பேரை வைத்தாலும் அந்த முகூர்த்தத்தை மறுபடி எடுக்க முடியாது.

எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குகளுக்கு நகலெடுத்த பிறகுதான் பழையவற்றைத் தொட்டேன். இங்கே இன்னொரு குழி இருக்கிறது. சூப்பர்பிளாக்கைத் திரும்ப எழுதி அதே போர்டில் மாட்டினால், அடுத்த பூட்டில் அது மறுபடி "பழுது பார்க்கும்". பழைய ஜிபிடியை அழிக்கலாம் என்று ஜிபிடி அழிக்கும் கருவியை ஓட்டினால், அது தலைப்பும் பதிவுகளும் இருக்கும் 33 செக்டரையும் சேர்த்து அழிக்கும். அதற்குள்தானே சூப்பர்பிளாக் இருக்கிறது! ஃபர்ம்வேர் செய்த அதே வேலையை நாம் கையால் செய்வதாக ஆகிவிடும். அதனால் டிஸ்க்குகளை முன்னும் பின்னும் முழுக்கச் சுத்தம் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஜிபிடி பார்ட்டிஷன் போட்டு, கடைசியில் கொஞ்சம் இடம் விட்டு, பார்ட்டிஷனுக்குள் ரெய்டை அமைத்தேன். ஃபர்ம்வேர் தேடுகிற டேபிள் அதற்குப் புரிகிற வடிவத்தில் முன்னாலும் பின்னாலும் சரியாக இருந்தால், பழுது பார்க்க அதற்கு ஒன்றுமில்லை. லினக்ஸ் ரெய்டு முழு டிஸ்க்கையும் ஏற்றுக்கொள்ளும்தான். ஏற்றுக்கொள்கிறது என்பதற்காக அப்படிக் கொடுக்காதீர்கள்.

இது மதர்போர்டோடு நிற்கிற விஷயம் இல்லை. டிஸ்க்கின் கடைசிப் பகுதிக்கு எப்போதுமே கிராக்கி அதிகம். ஹார்டுவேர் ரெய்டு கார்டுகளுக்காக எஸ்என்ஐஏ என்ற ஸ்டோரேஜ் துறை அமைப்பு வகுத்த டிடிஎஃப் வடிவம், தன் மெட்டாடேட்டாவின் ஆணிவேரை டிஸ்க்கின் கடைசி செக்டரில்தான் வைக்கிறது. ஜிபிடியின் நகல் தலைப்பு இருக்க வேண்டிய அதே செக்டர். ஏற்கனவே டேட்டா உள்ள டிஸ்க்கை அப்படிப்பட்ட கார்டில் மாட்டி "புது வால்யூம்" என்று ஒரு பட்டனை அமுக்கினால் போதும், அங்கே இருந்தது போய்விடும். வேகமான இனிஷியலைஸ் என்ற பெயரில் முன்னும் பின்னும் சில எம்பிகளைப் பூஜ்ஜியமாக்கும் கார்டுகளும் உண்டு. சில போர்டுகள் பயாஸின் நகலை ஒளித்து வைக்க டிஸ்க்கின் கடைசியில் 2113 செக்டரை எடுத்துக்கொண்டு, டிஸ்க்கின் அளவையே குறைத்துக் காட்டிய காலம் ஒன்று இருந்தது: 1953525168 செக்டர் இருக்க வேண்டிய 1 டிபி டிஸ்க் 1953523055 என்று சொல்லும். ஒரு எம்பிதானே என்று தோன்றும். ரெய்டுக்குத் தேவையான அளவைவிட டிஸ்க் ஒரு செக்டர் குறைந்தாலும் "அளவு போதவில்லை" என்று வெளியே தள்ளப்படும். நான் முதலில் செக்டர் எண்ணிக்கையைப் பார்ப்பது இதனால்தான்.

டிஸ்க்கின் சொந்த ஃபர்ம்வேரும் யோக்கியம் இல்லை. 2010-இல் சாம்சங்கின் எஃப்4 வரிசையில் வந்த 2 டிபி டிஸ்க் ஒன்றில், எழுதிக்கொண்டிருக்கும்போது "நீ யார்" என்று கேட்கும் ஐடென்டிஃபை கட்டளை வந்தால், எழுத வேண்டிய டேட்டா தொலைந்துபோகலாம். எரர் வராது. டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்கும் மென்பொருள்தான் அந்தக் கட்டளையை அனுப்பும், அதாவது கவனமாக இருப்பவர்களுக்கே டேட்டா போகும். திருத்திய ஃபர்ம்வேர் வந்தது. ஆனால் அதன் பதிப்பு எண் மாறவில்லை. கையில் உள்ள டிஸ்க் திருத்தப்பட்டதா இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

2007-இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் 3000-க்கும் மேற்பட்ட கணினிகளில் 2 ஜிபி ஃபைலை எழுதுவதும் திரும்பப் படித்து ஒப்பிடுவதுமாக 5 வாரம் சோதித்தார்கள். சுமார் 100 கணினிகளில் 500 பிழை கிடைத்தது. அதில் பெரும்பகுதி 64 கேபி அளவுக்குத் துண்டாகக் கெட்டவை; அதன் காரணம் ரெய்டு கார்டுக்கும் டிஸ்க் ஃபர்ம்வேருக்கும் இடையே உள்ள கோளாறில் போய் நின்றது. அடுத்த வருஷம் வந்த ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை 15.3 லட்சம் டிஸ்க்குகளை 41 மாதம் கவனித்து, 4 லட்சத்துக்கும் மேற்பட்ட செக்சம் முரண்களைப் பதிவு செய்தது. அந்த டிஸ்க்குகளில் ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் வைத்திருந்ததால் அது தெரிந்தது. நம் ஊர் ஸ்டுடியோக்களிலும் ஆடிட்டர் ஆபீஸ்களிலும் யார் வைத்திருக்கிறார்கள்?

"எங்ககிட்ட ரெய்டு இருக்கே" என்பார்கள். ரெய்டு 5-இல் பாரிட்டி ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஒரு டிஸ்க் பொய் சொல்கிறது என்று தெரியும். எது என்று தெரியாது. அப்போது "ரிப்பேர்" கொடுத்தால், டேட்டா சரி என்று எடுத்துக்கொண்டு பாரிட்டியைத் திருத்தி எழுதிவிடும். கெட்டது டேட்டாவாக இருந்தால், அதை மீட்க இருந்த கடைசி வழியும் அப்போது அடைபடும். டெபியன், உபுண்டு பெட்டிகளில் மாதத்தின் முதல் ஞாயிறு தானாக ஓடும் சோதனை எண்ணிச் சொல்வதோடு நிற்கும், திருத்தாது. அது நல்ல முடிவு. எண்ணிக்கை கூடியிருந்தால் கை வைப்பதற்கு முன் நகல் எடுங்கள். செக்சம் வைக்கும் இசட்எஃப்எஸ் மாதிரி ஃபைல் சிஸ்டமாக இருந்தால் எந்த டிஸ்க் பொய் சொல்கிறது என்று அதற்கே தெரியும். அது தன் லேபிளை முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு இடத்தில் எழுதி வைத்துக்கொள்வதும் இந்த மாதிரி அராஜகத்தைத் தாங்கத்தான்.

அதற்காக எல்லாப் பழியையும் ஃபர்ம்வேர் தலையில் போட்டுவிடக் கூடாது. 2015-இல் அல்கோலியா என்ற நிறுவனத்தின் சர்வர்களில் ஃபைல்களுக்கு நடுவே பூஜ்ஜியங்கள் முளைத்தன. முதலில் சாம்சங் எஸ்எஸ்டிகளின் மேல்தான் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் கோளாறு லினக்ஸ் கெர்னலில் என்று சாம்சங் பொறியாளர்கள் கண்டுபிடித்துத் திருத்தமும் அனுப்பினார்கள். ஆகவே என் சந்தேகத்தையும் நான் சோதித்துவிட்டுத்தான் பேசுகிறேன். உபரியாக இருந்த ஒரு டிஸ்க்கை விண்டோஸில் ஜிபிடி ஆக்கி, அதன் மேல் முழு டிஸ்க்காக லினக்ஸ் ரெய்டு மெட்டாடேட்டாவை எழுதி, முதல் 1 எம்பியின் செக்சத்தைக் குறித்துக்கொண்டேன். ஸ்டுடியோவின் புது போர்டில் வேறு எந்த டிஸ்க்கும் இல்லாமல் இதை மட்டும் மாட்டி, பயாஸ் திரை வரைக்கும் விட்டு ஆஃப் செய்தேன். ஆபரேட்டிங் சிஸ்டம் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. திரும்ப எடுத்துப் பார்த்தால் செக்சம் மாறியிருந்தது, 4096-இல் பூஜ்ஜியம்.

அதன் பிறகு நான் பிடித்துக்கொண்ட பழக்கம் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பழைய டிஸ்க் எதையும் புது போர்டிலோ கார்டிலோ பெட்டியிலோ மாட்டுவதற்கு முன், ரைட் பிளாக்கரில் வைத்து முதல் 32 எம்பி, கடைசி 32 எம்பி இரண்டையும் ஃபைலாக எடுத்து, சீரியல் நம்பரோடு சேர்த்து வைத்துவிடுவேன். செக்டர் எண்ணிக்கை, ரெய்டு விவரம், பார்ட்டிஷன் டேபிள் எல்லாவற்றையும் டெக்ஸ்டாகக் கூடவே. டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். புது போர்டில் முதல் தடவை ஆன் செய்யும்போது டேட்டா டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவிட்டு, பயாஸில் ரெய்டு மோட் தானாக ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அவற்றை மாட்டுவேன். ரைட் பிளாக்கர் வாங்க முடியாதவர்கள் லினக்ஸ் உள்ள பழைய லேப்டாப்பில் மவுன்ட் செய்யாமல் எடுத்தாலே பெரும்பாலும் போதும். விண்டோஸில் வேண்டாம், "இனிஷியலைஸ் செய்யட்டுமா" என்று அது கேட்கும், பக்கத்தில் இருக்கும் யாராவது ஓகே அமுக்கிவிடுவார்கள்.

போர்டு தயாரிப்பாளருக்கு இரண்டு செக்டர் நகலையும், மாட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த செக்சத்தையும், சோதனையை எப்படித் திரும்பச் செய்வது என்பதையும் எழுதி அனுப்பினேன். புது பயாஸ் போட்டுப் பாருங்கள் என்று பதில் வந்தது. அதன் மாற்றக் குறிப்பில் சிஸ்டம் நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது என்று மட்டும் இருந்தது. போட்டுப் பார்த்தேன், அதே டிஸ்க், அதே பூஜ்ஜியம். மறுபடி எழுதியிருக்கிறேன். இந்த முறை விதிமுறையில் "தெரிவித்தே ஆக வேண்டும்" என்று உள்ள பத்தியையும் சேர்த்திருக்கிறேன். யூஇஎஃப்ஐ போர்டில் முழு டிஸ்க் ரெய்டு ஓட்டுகிறவர்கள், உங்கள் டிஸ்க்கின் கடைசி 33 செக்டரில் 45 46 49 20 50 41 52 54 இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால், பெட்டியை ரீபூட் செய்வதற்கு முன் பேக்கப் எடுத்துவிடுங்கள்.